புறங்கை

கொட்பேயில் ஐஸ் உடைக்கிற மெஷினை
உள்ளங்கையால் தொடுபவர் யாருமில்லை.
முதலில் புறங்கை.
காய்ச்சல் பார்ப்பதுபோல் ஒரு தொடுகை.
அடித்தால் கை தானாக மடங்கி
நெஞ்சுக்குத் திரும்பிவிடும்.
உள்ளங்கை என்றால் மூடிக்கொள்ளும்,
மூடியது திறக்காது.
"பாத்துப் பழகினது" என்றாள் பத்மலோஜினி.
"நீர் என்னத்தால தொடுவீர்?"

நான் மீற்றரால் தொடுபவன்.
ஐந்நூறு வோல்ட்டை மெல்ல உள்ளே அனுப்பி
எங்கே கசிகிறதென்று காது கொடுப்பது என் தொழில்.
இருக்கவேண்டியது ஒரு மெகா ஓம்.
இருந்தது
பூச்சியம் புள்ளி பூச்சியம் நான்கு.
எர்த் வயரும் இருந்தது.
பச்சையும் மஞ்சளுமாய் ஒழுங்காகத்தான் இறங்கிப்போய்
சுவருக்குப் பின்னால்
எதிலும் சேராமல் முடிந்திருந்தது.
உப்புக்காற்று செம்பைத் தின்று
பச்சைப் பொடியாகத் துப்பியிருந்தது.

மெஷினின் முதுகில் ஒரு தகடு.
வெளிநாட்டு முத்திரைகள்: இரண்டெழுத்தில் ஒன்று,
வட்டத்துக்குள் ஒன்று,
துரு மூடியதால் வாசிக்கமுடியாத ஒன்று.
எந்த ஊர் ஆய்வுகூடத்திலோ
கையுறை போட்ட யாரோ
இதன்மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்திருக்கக்கூடும்.
நல்ல தண்ணீர்.
மீன் இரத்தம் கலந்த கடல்நீரில்
வார் அறுந்த செருப்போடு நிற்கும் ஒரு காலை
அவர் நினைத்திருக்கமாட்டார்.
நினைத்திருந்தால் அதற்கு ஒரு முத்திரை
அவரிடமும் இல்லை.

முதலாளி குலவீரசிங்கம் கோபப்படவில்லை.
பிளேன்ரீ வந்தது.
"ஆறு வருஷம் தம்பி. ஒருத்தரும் சாகேல்ல."
அதுவும் ஒரு சான்றிதழ்தான்.
நான் எழுதுவது பன்னிரண்டு மாதத்துக்கு.
அவருடையது
முதல் ஆள் விழும்வரை.

சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன்: பாவிக்கக்கூடாது.
தேறியது அலுவலக அறையின் மேசைவிசிறி மட்டும்.
அதற்குப் பச்சை. கையொப்பம். தொடர் இலக்கம்.

அன்று ஐஸ் இல்லை.
ஏழு படகின் அறுகுளா
கோணிச்சாக்கின் கீழே கண் வெளுத்துக் கிடந்தது.
பத்மலோஜினி, நிஸ்மியா, அந்தச் சுனில் பொடியன்,
மூவரும் நாள்கூலி இல்லாமல் வாசலில்.
மோட்டார்சைக்கிளை உதைக்கும்போது சொன்னாள்:
"மெஷின் அடிச்சால் கைதான் விறைக்கும்.
நீர் அடிச்சது வயித்தில."

என்னிடம் பதில் இருந்தது.
பந்தி இலக்கத்தோடு இருந்தது.
உப்புவெளி வரைக்கும்
ஹெல்மெட்டுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே போனேன்.

மறுபரிசோதனைக்கு வர
இருபத்துமூன்று நாள் ஆயிற்று.
வாசலிலேயே கேட்டது, மெஷினின் பல் ஐஸை நறுக்கும் சத்தம்.
முதுகில் பச்சை ஸ்டிக்கர்.
என் கையொப்பம்.
னகரத்தின் புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடுவது
நான் மட்டும்தான்.
இலக்கம் விசிறியினுடையது.
ஓரம் கிழியாமல், ஒரு குமிழியும் இல்லாமல்
இவ்வளவு நேர்த்தியாக நான்கூட ஒட்டியதில்லை.

யார் என்று கேட்டேன்.
சுனில் ஐஸைப் பார்த்தான்.
நிஸ்மியா முக்காட்டைச் சரிசெய்தாள்.
பத்மலோஜினி என்னையே பார்த்தாள்.
"விசிறிக்கு எதுக்குத் தம்பி அது?
அது ஒருத்தரையும் அடிக்கிறேல்லையே."

நிறுத்தச் சொல்லவேண்டும்.
சுவிட்சை இறக்கிப் பூட்டவேண்டும்,
பிறகுதான் மீற்றர்.
பையின் சிப்பைத் திறக்கக் குனிந்தேன்.
கணுக்கால்வரை குளிர்ந்த தண்ணீர்.

அதற்குள் என் வலது கை
என்னைக் கேட்காமல்
புறம் திரும்பி
மெஷினை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.